உள்ளே ஏற்கெனவே இருப்பது

கடைப்பையன் மெல்கெர் இரண்டு புட்டிகளை
மேசைமேல் வைத்தான்.
இரண்டிலும் லிங்கன்பழச் சாறு மாதிரி
ஒரே சிவப்பு.
"எது?" என்றான்.
"எது?" என்றேன் நானும்.

எண்பத்து மூன்றாம் வருட வோல்வோ. தானியங்கி கியர்.
மெல்கெர் பிறக்கும்போதே அதற்கு
இருபது வயது தாண்டியிருந்தது.
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில்
ஒரு நொடி தயங்கும்,
கடன் கேட்டவனுக்குப் பதில் சொல்லுமுன்
தொண்டையைச் செருமுகிறவன் போல.
டிசம்பர் வந்ததும் அந்த நொடி
இரண்டாகிவிட்டது.

மெல்கெர் பயந்து பயந்து சொன்னான்:
ஒன்று கொஞ்சம் வழுக்கவிட்டுப் பிடிக்கும்.
மற்றது வெடுக்கென்று கவ்வும்.
உள்ளேயிருக்கும் தட்டுகள்
எதற்குப் பழகினவோ அதைத்தான் ஊற்றணும்.
மாற்றி ஊற்றினால்?
"உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் சிக்கல்."

எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய
மூன்றாவது புட்டி அலமாரியிலேயே இருந்தது.
கை காட்டினேன்.
"அது எல்லாருக்கும் சிநேகிதன்" என்று
உதட்டைப் பிதுக்கினான்.

அளவுகோலை உருவிக்
காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்.
தேநீர்க் கறை. கருகல் வாடை.
ஒருகாலத்தில் எந்தச் சிவப்பாக இருந்தாய் என்று
அதனிடம் கேட்க வழியில்லை.

கேட்கக்கூடிய ஒரே ஆள் ரோய்னே.
எனக்கு வண்டி விற்றவன்.
மீட்டர் காட்டியதைப்போல் இருமடங்கு ஓடியது
என்று பிற்பாடு
பழைய பரிசோதனைச் சீட்டு சொன்னது.
கால்விரிப்பைத் தூக்கினால்
தரை வழியே சாலை தெரிந்தது.
மூன்று வருடமாக, கூப் கடையில் அவன் தலை தெரிந்தால்
உறைந்த மீன் பக்கம் திரும்பிவிடுவேன்.

ஆனால் லிக்செலே மருத்துவமனையில் எனக்கு இரவுப்பணி.
நூறு கிலோமீட்டர்,
வழியெல்லாம் பனிமான்கள், இருட்டு.
கையுறையைப் பல்லால் கழற்றி
அவன் எண்ணை அழுத்தினேன்.
"மாரித் பேசுகிறேன். கியர்ப்பெட்டியில் என்ன எண்ணெய்?"

"எஃப்" என்றான் யோசிக்காமல்.
"வருஷாவருஷம் நானே மாற்றுவேன். எஃப்தான்."

யோசிக்காமல் சொன்னதுதான் இடித்தது.
மீட்டர் பற்றியும் அப்படித்தான் சொன்னான்.
இதில் பொய் சொல்லி அவனுக்கு என்ன கிடைக்கும்?
ஒன்றுமில்லை.
ஆனால் சிலருக்குப் பொய்
லாபத்துக்காக வருவதில்லை,
விக்கல் போல வருகிறது.

இரவு ஒன்பதுக்குச் செய்தி வந்தது.
"மாற்றியதே இல்லை. ஒருதரம்கூட.
எனக்கு முன்னால் மைத்துனன் வைத்திருந்தான்,
அவன் என்னைவிடச் சோம்பேறி.
தொழிற்சாலை ஊற்றியதுதான் உள்ளே."

அவனிடமிருந்து எனக்கு வந்த முதல் உண்மை,
அவனுக்கே வெட்கமான உண்மை.
அதனாலேயே நம்பினேன்.

தொழிற்சாலை ஊற்றியிருந்தால்
தொழிற்சாலை எழுதியும் வைத்திருக்கும்.
பனியில் அட்டைப்பெட்டியை விரித்து,
நெற்றியில் விளக்கைக் கட்டி,
வண்டிக்கடியில் போனேன்.
பெட்டியின் இடது விலாவில்
சாலை உப்பு பாதி தின்ற ஒரு தகடு.
கம்பித் தூரிகையால் தேய்த்தேன்.
துருத்தூள் கண்ணில் விழுந்தது.
ஒரு எஃப்.

சந்தோஷப்பட்டு எழுந்ததில் நெற்றி இடித்தது.
அப்புறம்தான் உறைத்தது,
ஏ டி எஃப் என்பது
இந்த எண்ணெய் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்.
அதன் கடைசி எழுத்து எதையும் சொல்லாது.

இன்னும் தேய்த்தேன்.
விரல் நுனிகள் என்னுடையவையாக இல்லை.
துருவுக்கு அந்தப்பக்கம்,
தள்ளி,
இன்னொரு எஃப்.

பொய்க்குள் சரியான எழுத்து இருந்திருக்கிறது,
அவனுக்கே தெரியாமல்.

முழுதும் வடிக்காதே என்று மெல்கெர் சொல்லியிருந்தான்,
பழைய உடம்பு, மெதுவாகப் பழகட்டும் என்று.
அடித்தட்டில் நின்றதை மட்டும் வடித்தேன்.
மூன்று வாரம் கழித்து இன்னொரு தரம்.
இரண்டிலிருந்து மூன்றுக்கு
இப்போதும் தொண்டையைச் செருமுகிறது,
சுருக்கமாக.

சனிக்கிழமை கூப் கடையில் ரோய்னே.
கூடையில் உருளைக்கிழங்கு,
முகத்தில் என்ன வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை அவனுக்கு.
"எஃப்தானே?"
"எஃப்தான்."

அதோடு
உறைந்த மீன் பக்கம் திரும்பினேன்.
அன்றைக்கு எனக்கு மீன் வேண்டியிருந்தது.